மெர்லீன் ஓட்டி: தங்கம் தவறிய ஓட்டங்களின் கணக்கு

1993 ஆகஸ்ட். ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் உலகத் தடகள சாம்பியன்ஷிப். பெண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டம் முடிந்தபோது வென்றவர் யார் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அமெரிக்காவின் கெயில் டெவர்ஸ், ஜமைக்காவின் மெர்லீன் ஓட்டி இருவருக்கும் பதிவான நேரம் 10.82 வினாடி. நடுவர்கள் போட்டோ ஃபினிஷ் படத்தை எடுத்து ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்த்தார்கள். டெவர்ஸ் 10.811, ஓட்டி 10.812. அந்த வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி என்பது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். ஜமைக்கா அணி முறையிட்டது; முறையீடு நிராகரிக்கப்பட்டது. தங்கம் டெவர்ஸுக்குப் போனது.

இதே இருவர் மூன்று ஆண்டுகள் கழித்து அட்லாண்டா ஒலிம்பிக்கின் 100 மீட்டர் இறுதியில் மறுபடி சந்தித்தார்கள். இருவருக்கும் 10.94. மறுபடியும் படத்தைப் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள். மறுபடியும் டெவர்ஸ்.

ஓட்டி ஒலிம்பிக்கில் வென்ற பதக்கங்கள் ஒன்பது: மூன்று வெள்ளி, ஆறு வெண்கலம். உலக சாம்பியன்ஷிப்பில் பதினான்கு: மூன்று தங்கம், நான்கு வெள்ளி, ஏழு வெண்கலம். ஒலிம்பிக் தடகளத்தில் இத்தனை பதக்கங்கள் வென்ற பெண்கள் மிகச் சிலர். அமெரிக்காவின் அலிசன் ஃபீலிக்ஸ் 2021இல் டோக்கியோவில் பத்தாவது பதக்கத்தை வென்ற பிறகுதான் ஓட்டப்பாதைப் பெண்களில் ஒருவர் ஓட்டியின் எண்ணிக்கையைத் தாண்டினார். ஆனாலும் பத்திரிகைகள் ஓட்டிக்கு வைத்த பெயர் ‘வெண்கல ராணி’. பாராட்டுபோலத் தோன்றினாலும் அதற்குள் இரக்கமும் கொஞ்சம் ஏளனமும் இருந்தன. இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி எளியது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உலகின் முதல் ஐந்தாறு பெண் ஓட்டக்காரர்களில் ஒருவராக இருந்தவருக்கு ஒலிம்பிக் தங்கம் ஏன் கிடைக்கவில்லை? துரதிர்ஷ்டம் என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிடுவதே வழக்கம். ஒவ்வொரு ஓட்டமாக எடுத்துப் பார்த்தால் அந்தச் சொல் போதவில்லை.

ஹனோவர், வீர், நெப்ராஸ்கா

ஜமைக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் ஹனோவர் மாவட்டத்தில் 1960 மே 10 அன்று ஓட்டி பிறந்தார். லூசியாவிலுள்ள ரூஸியஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பின்னர் தீவின் தெற்கே கிளாரெண்டன் மாவட்டத்தில் இருக்கும் வீர் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றார். பள்ளிப் பெண்களுக்கான தடகளத்தில் வீர் பெரிய பெயர். ஜமைக்காவில் பள்ளிகளுக்கிடையேயான ஆண்டுப் போட்டி நாடே கூடிப் பார்க்கும் திருவிழா. ‘சாம்ப்ஸ்’ என்று சொன்னால் சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தீவின் ஓட்டக்காரர்களில் பெரும்பாலோர் அந்தக் களத்திலிருந்து வந்தவர்களே.

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஜமைக்காவின் டான் குவாரி 200 மீட்டரில் தங்கமும் 100 மீட்டரில் வெள்ளியும் வென்றார். வானொலியில் அந்த ஓட்டங்களைக் கேட்டதுதான் தன்னை உந்தியது என்று ஓட்டி பின்னாளில் சொன்னதுண்டு. குவாரியும் வளைவை அழகாக ஓடும் 200 மீட்டர்க்காரர். ஓட்டியின் இயல்பும் அதுவாகவே அமைந்தது.

அந்தக் காலத்தில் ஜமைக்காவில் பள்ளிப் படிப்பு முடிந்ததும் தொடர்ந்து ஓட விரும்பும் ஒருவருக்குக் கிட்டத்தட்ட ஒரே வழிதான் இருந்தது: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் உதவித்தொகை. ஓட்டி 1979இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். தீவின் வெயிலில் வளர்ந்த பெண் அமெரிக்கச் சமவெளியின் பனிக்காலத்தில், கூரையிட்ட உள்ளரங்கத் தடத்தில் பயிற்சி பெற்றார். இதைச் சாதாரண வாழ்க்கைக் குறிப்பாகக் கடந்துவிட முடியாது. உள்ளரங்கின் குறுகலான, சாய்ந்த வளைவுகளில் ஓடக் கற்றவருக்கு வெளியரங்கின் அகன்ற வளைவு எளிது. அந்தக் கல்வியின் பயன் பின்னால் தெரியவரும்.

மாஸ்கோ முதல் சியோல் வரை

இருபது வயதில், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் 200 மீட்டரில், ஓட்டி 22.20 வினாடியில் மூன்றாவதாக வந்தார். ஆங்கிலம் பேசும் கரீபியன் நாடுகளிலிருந்து ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் பெண் அவரே. வெள்ளி வென்ற சோவியத் வீராங்கனை நட்டாலியா போச்சினாவின் நேரம் 22.19. நூறில் ஒரு பங்கு வினாடியில் வெள்ளி தவறியது. அப்போது யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அந்த வயதில் வெண்கலமே கொண்டாட்டத்துக்குரியது.

அடுத்த சில ஆண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். 1982 பிரிஸ்பேன் காமன்வெல்த் போட்டியில் 200 மீட்டர் தங்கம், 100 மீட்டர் வெள்ளி. 1983இல் ஹெல்சின்கியில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பில், கிழக்கு ஜெர்மனியின் மரீட்டா கோக்குக்குப் பின்னால் 200 மீட்டரில் வெள்ளி. 1984 லாஸ் ஏஞ்சலிஸில் 100, 200 இரண்டிலும் வெண்கலம். 1987 ரோமில் மறுபடி இரண்டிலும் வெண்கலம்.

1988 சியோல் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம். 200 மீட்டர் இறுதியில் ஓட்டி 21.99 ஓடினார், நான்காவது இடம். புளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 21.34 என்ற உலக சாதனையோடு வென்றார். ஓட்டியின் நாட்டைச் சேர்ந்த கிரேஸ் ஜாக்சன் 21.72, கிழக்கு ஜெர்மனியின் ஹைக்கே டிரெக்ஸ்லர் 21.95. மாஸ்கோவில் தங்கம் வென்ற நேரம் 22.03. அட்லாண்டாவில் தங்கம் வென்ற நேரம் 22.12. 2004 ஏதென்ஸில் 22.05. இந்த மூன்று ஒலிம்பிக்குகளிலும் தங்கம் தந்திருக்கக்கூடிய நேரம், சியோலில் பதக்க மேடைக்கே போதவில்லை. காற்றும் தடமும் ஒவ்வோர் ஊரிலும் வேறு என்பதால் இந்த ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு. ஆனால், அவர் எந்தக் காலத்தில் ஓடினார் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அந்தக் காலத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. கிழக்கு ஜெர்மனி அரசே தன் விளையாட்டு வீரர்களுக்குத் திட்டமிட்டு ஊக்கமருந்து கொடுத்து வந்தது என்பது, பெர்லின் சுவர் விழுந்த பிறகு கிடைத்த ஆவணங்களால் உறுதியானது. மாஸ்கோ, ஹெல்சின்கி, ரோம் ஆகிய இடங்களில் ஓட்டிக்கு முன்னால் அந்த நாட்டின் வீராங்கனைகள் முடித்திருக்கிறார்கள். அந்தக் காலத்து முடிவுகளைத் தடகள அமைப்பு திருத்தவில்லை. 1991 டோக்கியோவில் 100, 200 இரண்டிலும் அவரை முந்திய காட்ரின் கிராபே மறு ஆண்டே ‘கிளென்பியூட்டரால்’ என்ற மருந்துக்கான பரிசோதனையில் சிக்கித் தடை பெற்றார். டோக்கியோ பதக்கங்கள் மட்டும் அவரிடமே இருக்கின்றன. இவற்றை வைத்து ஓட்டிக்கு இத்தனை தங்கம் ‘உரியது’ என்று கூட்டிக் கணக்கிடும் ரசிகர்கள் உண்டு. நான் அப்படிச் செய்யத் தயங்குகிறேன். ஒரு நாட்டின் திட்டம் நிரூபணமாவது ஒன்று. குறிப்பிட்ட ஓர் ஓட்டத்தில் குறிப்பிட்ட ஒருவர் என்ன செய்தார் என்பது நிரூபணமாவது வேறு. தவிர, டெவர்ஸிடம் தோற்ற இரண்டு ஓட்டங்களுக்கு இந்த விளக்கம் எள்ளளவும் உதவாது.

பார்சிலோனாவின் ஆறு நூறில் ஒரு பங்கு

1992 பார்சிலோனா 100 மீட்டர் இறுதி, பெண்கள் விரைவோட்ட வரலாற்றில் மிக நெருக்கமாக முடிந்தவற்றுள் ஒன்று. டெவர்ஸ் 10.82, ஜமைக்காவின் ஜூலியட் கத்பர்ட் 10.83, ரஷ்யாவின் ஐரினா பிரிவலோவா 10.84, அமெரிக்காவின் க்வென் டாரன்ஸ் 10.86, ஓட்டி 10.88. முதல் ஐந்து பேரும் 0.06 வினாடிக்குள். நால்வர் அவருக்கு முன்னால் நிற்க, பதக்கமின்றி ஐந்தாவதாக வெளியேறினார். சில நாட்களில் 200 மீட்டரில் வெண்கலம்.

அந்த ஓட்டத்தை வைத்து, ஓட்டியின் ஓட்டமுறை எப்படிப்பட்டது என்று பார்க்கலாம். உயரமான உடல், நீண்ட எட்டு, நிமிர்ந்த தோள். தொடக்கக் கட்டையிலிருந்து வெடித்துக் கிளம்பும் வகை அல்லர். முதல் முப்பது மீட்டரில் சற்றுப் பின்தங்கி, பிறகு ஒவ்வொருவராகப் பிடித்து வருவது அவருடைய பாணி. டெவர்ஸ் இதற்கு நேர் எதிர். தடை தாண்டும் ஓட்டத்திலும் உலகத் தரம் வாய்ந்தவர். முதல் அடியிலேயே முன்னிலை எடுப்பவர். ஷ்டுட்கார்ட்டிலும் அட்லாண்டாவிலும் நடந்தது இதுதான். டெவர்ஸ் முன்னே போனார், ஓட்டி துரத்தி வந்தார், இருவரும் சேர்ந்த இடம் எல்லைக்கோடு. இன்னும் இரண்டு மீட்டர் நீளம் இருந்திருந்தால் முடிவு வேறு என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஓட்டத்தின் நீளம் 100 மீட்டர். தொடக்கத்தில் இழந்ததைக் கடைசியில் மீட்கும் பாணி, அந்த நீளத்தில் எப்போதும் நெருக்கடியிலேயே முடியும்.

டெவர்ஸை ஓட்டியின் கதையில் வில்லியாக்கிவிடுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். தைராய்டுச் சுரப்பியைத் தாக்கும் கிரேவ்ஸ் நோயும் அதற்கான கதிரியக்கச் சிகிச்சையும் சேர்ந்து 1991இல் அவருடைய பாதங்களை வெட்டி எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோயிருந்தன. அதிலிருந்து மீண்டு அடுத்த ஆண்டே ஒலிம்பிக் தங்கம் வென்றவர் அவர். அந்த இரண்டு ஓட்டங்களிலும் எல்லைக்கோட்டின் இருபுறமும் இருந்தவர்கள் சமமான பெரியவர்கள்.

போட்டோ ஃபினிஷ் விதியையும் இங்கே சொல்ல வேண்டும். எல்லைக்கோட்டை மட்டும் ஒரு மெல்லிய பிளவு வழியாகத் தொடர்ந்து படமெடுக்கும் கருவி அது. தலை, கழுத்து, கை, கால் எதுவும் கணக்கில் வராது. உடற்பகுதி கோட்டைத் தொடுவதுதான் கணக்கு. கிடைக்கும் நேரத்தை மேல்நோக்கி முழுமையாக்கி நூறில் ஒரு பங்காக அறிவிப்பார்கள். அதனால்தான் 10.811, 10.812 இரண்டும் 10.82 ஆயின. ஆகவே அறிவிப்பில் இருவரும் சமம். தரவரிசையில் சமம் இல்லை. இதை நியாயமற்றது என்று சொல்ல முடியாது. ஓட்டிக்கு இரண்டு முறையும் அதே பக்கம் விழுந்தது என்பதுதான் விஷயம்.

செப்டம்பர் மாதத்து நேரங்கள்

இனி நான் இந்த வழக்கின் மையம் என்று கருதும் இடத்துக்கு வருகிறேன். ஓட்டியின் வாழ்நாள் சிறந்த நேரங்கள் இரண்டு. 200 மீட்டரில் 21.64, பிரஸ்ஸல்ஸ், 1991 செப்டம்பர் 13. 100 மீட்டரில் 10.74, மிலான், 1996 செப்டம்பர் 7.

தேதிகளைக் கவனியுங்கள். 1991இல் டோக்கியோ உலக சாம்பியன்ஷிப் செப்டம்பர் 1 அன்று முடிந்தது. 100 மீட்டரில் நீண்ட நாள் தோல்வியே காணாமல் அங்கே வந்த ஓட்டி, 100 மீட்டரில் 11.06, 200 மீட்டரில் 22.21 என்று ஓடி இரண்டிலும் வெண்கலத்தோடு திரும்பினார். தொடர் ஓட்டத்தில் மட்டும் தங்கம். இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில் பிரஸ்ஸல்ஸில் 21.64, அதைவிட வேகமாக ஓடியிருந்தவர் அன்று உலகத்தில் கிரிஃபித் ஜாய்னர் ஒருவரே. 1996இலும் இதேபோலத்தான். ஆகஸ்ட் தொடக்கத்தில் அட்லாண்டா முடிகிறது, இரண்டு வெள்ளி; ஒரு மாதம் கழித்து மிலானில் 36 வயதில் 10.74.

ஆக, வேகம் அவரிடம் இல்லாமல் போகவில்லை. அது வந்த வேளைதான் வேறு. ஏன்?

அட்லாண்டாவின் கால அட்டவணையைப் பாருங்கள். அந்நாட்களில் ஒலிம்பிக்கில் 100 மீட்டருக்கு நான்கு சுற்றுகள்: முதல் சுற்று, காலிறுதி, அரையிறுதி, இறுதி. 200 மீட்டருக்கும் நான்கு. இரண்டிலும் இறங்கியவர் 200 மீட்டர் இறுதிக் கோட்டில் நிற்கும்போது அது அவருக்கு எட்டாவது ஓட்டம். அதற்குப் பிறகு தொடர் ஓட்டம். ஓட்டி பல பெரிய போட்டிகளில் இந்த மூன்றிலும் ஓடினார். ஜமைக்காவின் அணி அன்று இன்றைப்போல ஆள்பலம் கொண்டதன்று. அவர் இல்லாமல் தொடர் ஓட்டப் பதக்கம் கடினம். அட்லாண்டா 200 மீட்டரில் வளைவு முடிந்து நேர்பாதைக்கு வந்தபோது முன்னே இருந்தவர் அவர்தான். கடைசி மீட்டர்களில் பிரான்ஸின் மரீ-ஜோசே பெரெக் கடந்துபோனார், 22.12க்கு 22.24. பெரெக்கும் அந்த ஒலிம்பிக்கில் 400 மீட்டரை முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார் என்பதால், களைப்பை மட்டும் காரணமாக்கக் கூடாது. ஆனால் பெரெக் 400 மீட்டர்க்காரர். கடைசி ஐம்பது மீட்டர் அவருடைய வீடு. முதல் நாளிலிருந்தே நூறில் ஒரு பங்குக்காகத் தொடக்கக் கட்டையோடு போராடிவிட்டு வந்த 36 வயதுக்காரருக்கு அந்த ஐம்பது மீட்டர் அந்நியமாகிவிட்டது.

செப்டம்பரில் நடக்கும் ஐரோப்பியப் போட்டிகள் வேறு வகை. ஒரு மாலை, பெரும்பாலும் ஒரே ஓட்டம், தோள்மேல் நாட்டின் எதிர்பார்ப்பு இல்லை. நீண்ட எட்டுக்காரர் தளர்வோடு ஓடும்போதுதான் உச்ச வேகம் வரும். பல்லைக் கடித்தால் எட்டு சுருங்கும். பிரஸ்ஸல்ஸும் மிலானும் அதைத்தான் காட்டுகின்றன. ஓட்டி ஏதாவது ஒரு ஒலிம்பிக்கில் 100 மீட்டரை விட்டுவிட்டு 200 மீட்டரில் மட்டும் இறங்கியிருந்தால் தங்கம் கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம். குறிப்பாக அட்லாண்டாவில். இதை நிரூபிக்க வழியில்லை. ஆனால் அவருடைய நேரங்களை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது வேறு முடிவுக்கு வர எனக்கு முடியவில்லை.

இந்த முடிவுக்கு எதிரான சாட்சியும் ஷ்டுட்கார்ட்டிலேயே இருக்கிறது. ஒரு சென்டிமீட்டரில் தோற்ற அதே வாரத்தில், எல்லாச் சுற்றுகளையும் ஓடி முடித்து, 200 மீட்டர் இறுதியில் 21.98 ஓடித் தங்கம் வென்றார். டாரன்ஸ் 22.00. 33 வயதில் அவருக்கு வெளியரங்கில் கிடைத்த முதல் தனிநபர் உலகத் தங்கம் அது. ஜெர்மானியக் கூட்டம் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. அந்த ஆண்டே ஜமைக்கா அரசு அவருக்குத் தூதர் தகுதி வழங்கியது. ஆகவே சுமையோடு வெல்ல அவரால் முடியவே முடியாது என்று சொல்வதற்கில்லை. முடிந்தது, எப்போதும் முடியவில்லை.

1995 கோதன்பர்க்கில் நடந்ததையும் துரதிர்ஷ்டக் கணக்குப் பேசுகிறவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். 200 மீட்டரில் டாரன்ஸ் 21.77 ஓடி முதலில் வந்தார். வளைவில் தன் பாதையின் உட்கோட்டை மிதித்ததற்காகத் தகுதி நீக்கப்பட்டார். 22.12 ஓடிய ஓட்டிக்குத் தங்கம். கோடு அவரிடமிருந்து பறித்தது மட்டுமே எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கொடுத்ததும் உண்டு.

1997 ஏதென்ஸில் இன்னொன்று. 100 மீட்டர் இறுதியில் தவறான தொடக்கம் என்று துப்பாக்கி மறுபடி ஒலித்தது. ஓட்டிக்கு அது கேட்கவில்லை. பாதித் தூரம் தாண்டி முழுவேகத்தில் ஓடிவிட்டுத்தான் நின்றார். திரும்பி வந்து மறுபடி ஓடியபோது ஏழாவது இடம். அதே போட்டியின் 200 மீட்டரில் அவருக்கு வெண்கலம், 22.40. அவரை நூறில் ஒரு பங்கில் முந்தி 22.39இல் வெள்ளி வென்றவர் இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க. இலங்கைக்கு உலகத் தடகளத்தில் பெரும் பெருமை தந்த அந்தப் பதக்கத்தின் மறுபக்கத்தில் நின்றவர் 37 வயது ஓட்டி என்பது நம் வாசகர்களில் பலர் கவனிக்காத செய்தி.

1999உம் சிட்னியும்

1999 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் போட்டியில் எடுத்த மாதிரியில் நான்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்து இருப்பதாகச் சொல்லப்பட்டது. ஓட்டி மறுத்தார். அந்த ஆண்டு செவில் உலக சாம்பியன்ஷிப்பில் ஓட முடியவில்லை. ஜமைக்காவின் விசாரணைக் குழு அவரைக் குற்றமற்றவர் என்றது. சர்வதேசத் தடகள சம்மேளனம் அதை ஏற்காமல் மேல்முறையீட்டுக்கு எடுத்துச் சென்றது. 2000 ஜூலையில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. ஏறத்தாழ ஓராண்டு போய்விட்டது. மற்றவர்களின் பரிசோதனை முடிவுகளை ஓட்டிக்கு ஆதரவாக அடுக்குகிறவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அது சரியன்று. அவர் விடுவிக்கப்பட்டார் என்பதும், விசாரணை நடந்தது என்பதும் இரண்டும் பதிவில் இருக்க வேண்டியவை.

அதன்பின் வந்தது, அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் சங்கடம் தரும் பகுதி. சிட்னி ஒலிம்பிக்குக்கான ஜமைக்காவின் தேர்வுப் போட்டியில் ஓட்டி 100 மீட்டரில் நான்காவதாக வந்தார். ஒரு நாட்டுக்கு மூன்று பேர்தான். தேர்வுப் போட்டியில் முதலாவதாக வந்தவர் பீட்டா-கே டவ்டி. ஜமைக்கத் தடகளச் சங்கம் டவ்டியை 100 மீட்டரிலிருந்து நீக்கி அந்த இடத்தை ஓட்டிக்குக் கொடுத்தது. சிட்னி ஒலிம்பிக் கிராமத்திலேயே ஜமைக்கா வீரர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்து இறங்கினார்கள். 400 மீட்டர் வீரர் கிரிகரி ஹாட்டன் அவர்களில் முன்னணியில் இருந்தார்.

சங்கத்தின் பக்கம் வாதம் இல்லாமல் இல்லை. ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களுக்கு முன், ஆகஸ்ட் இறுதியில், தெசலோனிகியில் ஓட்டி 10.99 ஓடியிருந்தார். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண் ஒருவர் 11 வினாடிக்குள் ஓடுவது கேள்விப்படாத ஒன்று. தேர்வு நாளில் நான்காவதாக வந்தவர் ஒலிம்பிக் நாளில் அதிக வேகமானவராக இருக்கலாம் என்று நினைக்க அது போதுமான காரணம். முடிவும் அதைப் பொய்யாக்கவில்லை: சிட்னி இறுதியில் ஓட்டி 11.19இல் நான்காவது, மூன்றாவது வந்த டெய்னா லாரன்ஸ் 11.18. மறுபடி நூறில் ஒரு பங்கு.

என்றாலும், டவ்டிக்கு நடந்தது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். தேர்வுப் போட்டி என்று ஒன்றை வைத்து, அதில் முதலாவதாக வந்தவரை வெளியே நிறுத்துவதற்கு எந்தப் பதக்கமும் நியாயம் ஆகாது. அன்று 40 வயதில், ஐந்து ஒலிம்பிக் கண்டிருந்த ஓட்டிக்கு அது ஆறாவது. டவ்டிக்கு அது தன் நாட்டில் வென்று எடுத்த இடம். ஓட்டியின் மீது உள்ள அன்பால் இதைப் பூசி மெழுகக் கூடாது.

4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் ஓட்டி, லாரன்ஸ், பெவர்லி மெக்டோனல்ட், அப்போது பதினெட்டு வயதான வெரோனிகா கேம்பல் ஆகியோர் வெள்ளி வென்றார்கள். முதலிடம் பஹாமாஸ். ஓட்டி முதல் ஒலிம்பிக் பதக்கம் வென்றபோது கேம்பல் பிறக்கவே இல்லை.

சிட்னி 100 மீட்டரின் கணக்கு அத்தோடு முடியவில்லை. தங்கம் வென்ற மேரியன் ஜோன்ஸ் 2007இல் ஊக்கமருந்து உபயோகித்ததை ஒப்புக்கொண்டார், பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 2009 டிசம்பரில் ஒலிம்பிக் குழு இடங்களை மாற்றி அமைத்தது. இரண்டாவதாக வந்திருந்த கிரீஸின் எகாடெரினி தானுவுக்குத் தங்கம் தரப்படவில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அவர் பரிசோதனையைத் தவறவிட்ட விவகாரம் அதற்குப் பின்னணி. முதலிடம் காலியாகவே விடப்பட்டது. தானுவும் லாரன்ஸும் வெள்ளி, ஓட்டிக்கு வெண்கலம். அவருடைய ஒன்பதாவது ஒலிம்பிக் பதக்கம் 49 வயதில், காகிதத்தில் வந்து சேர்ந்தது. அதே தீர்மானத்தில் 200 மீட்டர் வெண்கலம் வெள்ளியாக உயர்ந்தவர் சுசந்திகா.

லுப்லியானா

1998 முதல் ஓட்டி ஸ்லோவேனியாவின் தலைநகர் லுப்லியானாவில் வசித்துப் பயிற்சி பெற்றுவந்தார். 2002இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார். ஜமைக்காவில் பலருக்கு இது வலித்தது. சிட்னித் தேர்வில் அவருக்காக நின்றவர்கள்கூட மனம் நொந்தார்கள். அவருடைய தரப்பில் பார்த்தால், சிட்னிக்குப் பிறகு ஜமைக்காவில் அவருக்கு இடமில்லை என்பது வெளிப்படை. அடுத்த தலைமுறை வந்துவிட்டது. ஓட வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை.

2004 ஏதென்ஸில் ஸ்லோவேனியாவுக்காக ஓடினார். அது ஏழாவது ஒலிம்பிக். 100 மீட்டரில் 44 வயதில் அரையிறுதி வரை வந்தார். 2008 பெய்ஜிங்குக்குத் தகுதி பெற முயன்றார், முடியவில்லை. 2010இல் பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் 50 வயதில் ஸ்லோவேனியாவின் தொடர் ஓட்ட அணியில் இடம்பெற்றார். 2012இல் ஹெல்சின்கியில் மறுபடியும். இதை வீண் பிடிவாதம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்லோவேனியா போன்ற சிறிய நாட்டின் தொடர் ஓட்ட அணிக்கு அவர் கால்கள் உண்மையிலேயே தேவைப்பட்டன. அலங்காரத்துக்காக யாரும் அவரைச் சேர்க்கவில்லை.

தீவில் மாறியது

ஓட்டி தீவைவிட்டு நெப்ராஸ்காவுக்கும், பின்னர் இத்தாலிக்கும், ஸ்லோவேனியாவுக்கும் போக வேண்டியிருந்தது. 1999இல் கிங்ஸ்டனில் ஸ்டீபன் பிரான்சிஸ் ‘எம்விபி’ என்ற ஓட்டக் கழகத்தைத் தொடங்கினார். ஊரிலேயே இருந்து உலகத் தரத்தில் பயிற்சி பெற முடியும் என்பதை அது காட்டியது. ஷெல்லி-ஆன் ஃபிரேசர்-பிரைஸும் எலைன் தாம்சன்-ஹேராவும் அங்கிருந்து வந்தவர்கள். ஓட்டிக்கு அப்படி ஒரு கழகம் இருந்திருந்தால் எந்தெந்த ஓட்டங்களை ஓடுவது, எதை விடுவது என்று அவருக்காக உட்கார்ந்து திட்டமிட ஆள் இருந்திருப்பார்கள்.

2004இல் வெரோனிகா கேம்பல் 200 மீட்டரில் தங்கம் வென்றார். விரைவோட்டத்தில் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஜமைக்கப் பெண். 2008 பெய்ஜிங் 100 மீட்டரில் மூன்று பதக்கங்களும் ஜமைக்கப் பெண்களுக்கே. 2005இல் கிங்ஸ்டன் தேசிய அரங்கின் வெளியே ஓட்டிக்குச் சிலை வைத்தார்கள். இந்த வெற்றிகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு வந்தவை.

அவருடைய 10.74 ஜமைக்கச் சாதனையாக 2009 வரை நின்றது. பெர்லினில் ஃபிரேசர் 10.73 ஓடி அதை உடைத்தார். 21.64 முப்பது ஆண்டுகள் நின்றது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் தாம்சன்-ஹேரா 21.53 ஓடினார். நெப்ராஸ்காவின் உள்ளரங்கில் கற்றதன் பயன் என்று முன்னே சொன்னது 1993 பிப்ரவரியில் பிரான்ஸின் லியேவின் நகரில் தெரிந்தது. உள்ளரங்க 200 மீட்டரை அங்கே அவர் 21.87 வினாடியில் ஓடினார். தாம்சன்-ஹேராவோ வேறு எவருமோ முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த உலக சாதனையை முறியடிக்கவில்லை.